போர், பஞ்சத்தைப் படமெடுத்த செபஸ்தியாவ் சல்காடோ ஏன் மரம் நடப் போனார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது. மனம் உடைந்துபோனதால்தான் என்பேன்.

பிரேசில்காரரான சல்காடோ பொருளாதாரம் படித்தவர். லண்டனில் அனைத்துலகக் காப்பி அமைப்பில் இருந்த வேலையை விட்டுவிட்டு 1973இல் கேமராவைக் கையில் எடுத்தார். 1980களில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு ஆப்பிரிக்காவின் சாஹேல் பஞ்சத்தைப் படமெடுத்தார். அப்புறம் 1994, ருவாண்டா இனப்படுகொலை. அங்கே கண்ட சாவுகள் அவர் உடம்பையும் மனசையும் சேர்த்தே முறித்துவிட்டன. படமெடுப்பதையே நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார்.

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் அப்பாவின் மாட்டுப் பண்ணை மொட்டையாகக் கிடந்தது. சின்ன வயதில் பார்த்த காடு இல்லை, ஊற்றும் வற்றிவிட்டது. "திரும்பக் காடு வளர்ப்போம்" என்ற யோசனை மனைவி லேலியாவுடையது. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1998இல் இருவரும் தெர்ரா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இதுவரை 20 லட்சத்துக்கும் மேல் மரங்கள், ஊற்றுகளும் திரும்பின. சல்காடோ 2025 மே மாதம் காலமானார்.

முக்கியமானது, அவர்கள் நட்டவை அந்த மண்ணுக்கே உரிய பலவகை மரங்கள். தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். செம்பனை (எண்ணெய்ப் பனை) நிரைக்குள் நடந்து பாருங்கள்: தலைக்கு மேலே பச்சை, காலடியில் வெட்டிப்போட்ட மட்டை, எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம். அதைக் காடு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தம்பி, ஆற்றோரம் மரம் நடப்போகிறீர்கள் என்றால் நம் ஊர்க் காட்டு மரக் கன்றுகளாகத் தேடுங்கள். நானும் வருகிறேன்.