ஜாமீன்ல வந்தவன் பக்கத்து ஸ்டேட்டுக்கு ஓடிட்டா யார் போய் புடிக்கிறது?

(போன மாசம் அமெரிக்க பெயில் பாண்ட் பத்தி, அதாவது கூலி வாங்கிட்டு ஜாமீன் நிக்கற தொழில் பத்தி, நாலு வரி எழுதினதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நினைக்கல. நான் வக்கீல் இல்லைங்க, டல்லாஸ் பக்கம் ஒரு வக்கீல் ஆபீஸ்ல ரொம்ப வருஷமா ஃபைல் பாக்கற ஆளு. உங்க சொந்த கேஸ்னா உங்க ஸ்டேட் வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.)

"டிவியில பவுண்டி ஹன்டர்னு சொல்லிட்டு கதவ உடைச்சு ஆளை தூக்கிட்டு போறாங்களே சார், போலீஸ்கூட வேற ஸ்டேட்டுக்கு போனா அங்க பேப்பர் போட்டு காத்திருக்கணும்னு சொல்றாங்க, இவங்களுக்கு மட்டும் அந்த பவர் எங்கேர்ந்து வந்துச்சு?" – க.செ., திண்டுக்கல்

பவுண்டி ஹன்டர்னா ஜாமீன்ல ஓடினவனை ஜாமீன்தாரருக்காக காசுக்கு புடிச்சுத் தர்றவரு. அந்த பவர் முக்கியமா ஒரு பழைய தீர்ப்புலேர்ந்து வந்துச்சுங்க. 1872-ல டெய்லர் எதிர் டெய்ன்டர்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கேஸ். ஜாமீன்ல விட்டவன் ஜாமீன்தாரரோட காவல்ல இருக்கற மாதிரிதான், அதனால அவனை இவர் எப்ப வேணா புடிச்சு ஒப்படைக்கலாம், வேற ஸ்டேட்டுக்கு துரத்திட்டு போலாம், ஞாயித்துக்கிழமைகூட புடிக்கலாம், தேவைப்பட்டா அவன் வீட்டு கதவையே உடைக்கலாம், புதுசா வாரண்ட் எதுவும் வேணாம், தப்பிச்ச கைதியை ஷெரிஃப் திரும்ப புடிக்கற மாதிரின்னு அதுல எழுதி வச்சாங்க. இந்த வரியைத்தான் பாண்ட்ஸ்மேன் எல்லாம் (கூலிக்கு ஜாமீன் நிக்கறவங்க) மந்திரம் மாதிரி சொல்லிட்டு திரியறாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா அந்த கேஸ்ல ஜாமீன்தாரங்க தோத்துட்டாங்க! கனெக்டிகட்ல திருட்டு கேஸ், ஜாமீன் 8,000 டாலர். ஆள் நியூயார்க் போயிட்டான். அங்க வச்சு மெய்ன் ஸ்டேட் கவர்னர் கேட்டாருன்னு அவனை புடிச்சு மெய்னுக்கு அனுப்பிட்டாங்க, அங்க வேற ஒரு கேஸ்ல உள்ள போட்டுட்டாங்க. எங்க கையில இல்லாதவனை நாங்க எப்படிங்க கூட்டிட்டு வர்றதுன்னு ஜாமீன்தாரங்க அழுதாங்க, கோர்ட் கேக்கல, நீங்க ஸ்டேட்டை விட்டு வெளிய விட்டதுதான் தப்பு, பணத்தை கட்டுங்கன்னுடுச்சு. ஆக கதவு உடைக்கற கேஸே இல்ல அது. போற போக்குல ஜட்ஜ் எழுதின நாலு வரியை வச்சு ஒரு தொழிலே நடக்குது.

அப்புறம் நூறு வருஷத்துல ஒவ்வொரு ஸ்டேட்டும் தன் இஷ்டத்துக்கு சட்டம் போட்டுடுச்சு. அதனால எந்த ஸ்டேட்ல பாண்ட் எழுதினாங்கன்னு மட்டும் பாத்தா பத்தாது, இப்ப எந்த ஸ்டேட் மண்ணுல கால் வச்சிருக்கோம்னு பாக்கணும். இதை கோட்டை விட்டுத்தான் பாதி பேர் மாட்டறாங்க.

கலிபோர்னியாவையே எடுத்துக்கோங்க. வேற ஸ்டேட் பாண்ட்ஸ்மேன் அங்க ஆள் புடிக்கணும்னா, ஆள் இருக்கற கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) மாஜிஸ்திரேட்கிட்ட அஃபிடவிட் போட்டு வாரண்ட் வாங்கணும், புடிச்சதும் அதே மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், அவர் விசாரிச்சு சரின்னு ஆர்டர் போட்டாத்தான் கூட்டிட்டு போலாம். தண்டனைச் சட்டம் 847.5. நெவாடாலேர்ந்து வந்த ஆளுங்க இதை செய்யாம ஒருத்தனை அள்ளிட்டு போனது பெரிய வழக்காச்சு, 1974-ல பெடரல் அப்பீல் கோர்ட் தீர்ப்பு. போலீஸ் மேல போடற மாதிரி சிவில் உரிமை கேஸ் இவங்க மேல நிக்காது, இவங்க தனி ஆளுங்கதான்னு சொல்லிடுச்சு. ஆனா அந்த பழைய உரிமையை கலிபோர்னியா சட்டம் போட்டு குறுக்கிக்கலாம்னும் சொல்லிடுச்சு. கென்டக்கி இன்னும் கறார், 1976-லயே காசுக்கு பாண்ட் போடற தொழிலையே மூடிட்டாங்க, வெளி ஸ்டேட் பாண்ட்ஸ்மேன் வந்தா அங்க கோர்ட் வாரண்ட் இல்லாம ஆள் மேல கை வைக்க முடியாது.

எங்க டெக்சாஸ்ல பாண்ட் பேப்பர் கையில இருக்குன்னு யாரு வேணா போய் புடிக்க முடியாது. போலீஸ் அதிகாரியா இருக்கணும், இல்லேன்னா லைசென்ஸ் வாங்கின பிரைவேட் இன்வெஸ்டிகேட்டர், இல்லேன்னா துப்பாக்கி வச்சுக்க அனுமதி உள்ள செக்யூரிட்டி ஆபீசர். அந்த லைசென்ஸ்காரரும் வீட்ல இருக்கறவங்க சம்மதம் இல்லாம உள்ள போகக்கூடாது. லைசென்ஸ் இருந்தா மட்டும் போதுமான்னு கேட்டா, இங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல கிரீன்வில்னு ஊர் இருக்கு, 2017 மே மாசம் அங்க ஒரு கார் ஷோரூம்ல ரெண்டு பவுண்டி ஹன்டர் மணிக்கணக்கா காத்திருந்து மினசோட்டாவுல தேடப்பட்டவனை மடக்கினாங்க. அவன் துப்பாக்கி எடுத்தான். சில நொடிதான், மூணு பேரும் செத்துட்டாங்க.

"சான் ஹோசே அபார்ட்மென்ட்ல இருக்கோம். காலைல அஞ்சு மணிக்கு ரெண்டு தடியனுங்க வந்து, ஜாக்கெட்ல ஏதோ ஏஜென்ட்னு எழுதியிருந்துச்சு, எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவன் பேரை சொல்லி கதவை திறன்னாங்க. வீட்டுக்காரம்மா பயந்து திறந்துட்டா. உள்ள வந்து பாத்ரூம் வரைக்கும் பாத்துட்டு போனாங்க. இது சரியா?" – பெயர் வேண்டாம்

உங்க வீட்டம்மா மேல தப்பில்ல, அந்த நேரத்துல யாருக்கும் கை கால் உதறும். ஆனா அடுத்த தடவை திறக்காதீங்க. ஓடிப்போனவன் பாண்ட் கம்பெனியோட போட்ட கான்ட்ராக்ட்ல தன் உரிமையை எழுதிக் கொடுத்திருப்பான், சரி. நீங்க எதுலயாவது கையெழுத்து போட்டீங்களா? அப்புறம் உங்க வீட்டுக்குள்ள நுழைய அந்த பேப்பர் எப்படி செல்லும்? கதவை சாத்தி வச்சுக்கிட்டே 911-க்கு போன் போடுங்க. கலிபோர்னியாவுல போலீஸ் மாதிரி தெரியற யூனிஃபார்ம், பேட்ஜ் எதுவும் இவங்க போடக்கூடாது, அவசரம் இருந்தாலொழிய புடிக்கறதுக்கு முந்தின ஆறு மணி நேரத்துக்குள்ள லோக்கல் போலீஸுக்கு சொல்லியிருக்கணும், அதிகாரம் கொடுத்த பேப்பர் கையில இருக்கணும். போலீஸ் ஸ்டேஷன்ல அன்னிக்கு காலைல தகவல் வந்துச்சான்னு கேட்டுப் பாருங்க. வரலேன்னா புகார் எழுதிக் கொடுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். 1997-ல பீனிக்ஸ்ல நாங்க பவுண்டி ஹன்டர்னு சொல்லிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள பூந்து ஒரு இளம் ஜோடியை சுட்டுட்டானுங்க. பாத்தா கொள்ளைக்கு வந்தவனுங்க. அதுக்கப்புறம்தான் அரிசோனா முழிச்சுக்கிச்சு, இப்ப அங்க ஆள் குடியிருக்கற வீட்டுக்குள்ள போக உள்ள இருக்கறவங்க சம்மதம் வேணும்.

"கனடாவுக்கு ஓடிட்டா?" – ரா.வி., டொரன்டோ

ஓடினவனுக்கு நல்லது, புடிக்க வர்றவனுக்கு ஜெயில். ஃப்ளோரிடாவுல நிலம் வித்த கேஸ்ல ஜாமீன் வாங்கின சிட்னி ஜாஃபி உங்க ஊர்ல வந்து உக்காந்துட்டாரு. 1981-ல ரெண்டு பவுண்டி ஹன்டர் அவரை அபார்ட்மென்ட் வாசல்லயே மடக்கி கார்ல போட்டு நயாகரா பக்கமா பார்டர் தாண்டி ஃப்ளோரிடா கொண்டு போயிட்டாங்க. கனடா கொதிச்சுப் போச்சு, இது ஆள் கடத்தல், அந்த ரெண்டு பேரையும் ஒப்படைன்னு கேட்டுச்சு. ஒருத்தர் அமெரிக்க கோர்ட்ல அந்த 1872 தீர்ப்பை எடுத்து நீட்டினாரு. அது வெளிநாட்டுக்கு செல்லாதுன்னு 1983-ல சொல்லிட்டாங்க. கடைசியில ரெண்டு பேரும் கனடா கோர்ட்ல குற்றவாளிக் கூண்டு ஏறி தண்டனையும் வாங்கினாங்க.

மெக்சிகோ கதை நிறைய பேருக்கு தெரியும். டாக்னு சொல்ற பவுண்டி ஹன்டர் டுவேன் சாப்மன் 2003-ல புவெர்ட்டோ வயார்ட்டாவுல கலிபோர்னியாவுல பாலியல் வன்கொடுமை கேஸ்ல ஜாமீன்ல ஓடிப்போன ஆண்ட்ரூ லஸ்டரை புடிச்சாரு, மெக்சிகோ போலீஸ் சாப்மனையும் சேத்து புடிச்சுது, அங்க பவுண்டி ஹன்டிங்கே குற்றம். 2006-ல மெக்சிகோ கேட்டதால ஹவாய்ல அமெரிக்க மார்ஷல்களே (மத்திய அரசு போலீஸ்) வந்து அவர் கையில விலங்கு மாட்டினாங்க. அடுத்த வருஷம் கால அவகாசம் முடிஞ்சு போச்சுன்னு கேஸ் செத்துது. பொழச்சாரு மனுஷன்.

"என் தம்பி அட்லாண்டால இருக்கான், ரூம்மேட்டுக்காக பெயில் பாண்ட்ல கோ-சைன் போட்டுட்டானாம். 10 பர்சன்ட்தான் கட்டினோம், கேஸ் முடிஞ்சா திரும்ப வந்துடும்கிறான்." – சு.மா., கோயம்புத்தூர்

வராதும்மா. அந்த பத்து பர்சன்ட் கம்பெனியோட கூலி, ரூம்மேட் யோக்கியமா எல்லா வாய்தாவுக்கும் போனாலும் போனது போனதுதான். ஓடிட்டான்னா ஜாமீன் தொகை முழுசுக்கும் தம்பி பொறுப்பு, தேடிப் புடிக்கற செலவையும் தம்பி தலையில கட்டற மாதிரி பெரும்பாலும் எழுதியிருப்பாங்க. அக்ரிமென்ட் காப்பியை வாங்கி வச்சுக்க சொல்லுங்க.

நான் ஒரு தடவை கவுண்டி ஜெயிலுக்கு எதிர்ல இருக்கற பாண்ட் ஆபீஸ் ஒண்ணுக்கு ஃபைல் வாங்க போயிருந்தேன், ராத்திரி பத்து மணி, ஜன்னல்ல சிவப்பு நியான் லைட். அங்க இருந்தவர் ஒரு பிளாஸ்டிக் கவரை காட்டினாரு. உள்ள கோர்ட் முத்திரை வச்ச பாண்ட் காப்பி, ஆளோட போட்டோ, அதிகாரக் கடிதம், அதுக்கடியில அவனோட அம்மா, அக்கா, கோ-சைன் போட்டவர் போன் நம்பர். "வேற ஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பறது கடைசிலதாங்க, முதல்ல இந்த கடைசி நம்பருக்குத்தான் அடிப்போம்"னாரு. உங்க தம்பி நம்பர் அந்த மாதிரி ஒரு கவர்லதாம்மா இருக்கு.

"நம்ம ஊர்ல ஜாமீன் கையெழுத்து போட்ட நானே போய் ஆளை இழுத்துட்டு வரலாமா? பெங்களூர்ல இருக்கான்னு தெரியும்." – மு.பா., விருதுநகர்

கிளம்பிடாதீங்கண்ணே! இந்தியாவுல உங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாது, கையைப் புடிச்சு பஸ்ல ஏத்தினீங்கன்னா உங்க மேலயே கேஸ் வரும். இந்த காசுக்கு ஜாமீன் பிசினஸ் அமெரிக்காலயும் பிலிப்பைன்ஸ்லயும்தான் நடக்குது. உங்களுக்கு நேர் வழி ஒண்ணு இருக்கு: மாஜிஸ்திரேட் கோர்ட்ல என்னை ஜாமீன்லேர்ந்து விடுவிச்சுடுங்கன்னு மனு போடுங்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 444-வது பிரிவு, இப்ப அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ்.ல 489. மனு வந்ததும் மாஜிஸ்திரேட் அவன் மேல வாரண்ட் போடணும், அவன் வந்து நின்னதும் உங்க பத்திரம் ரத்தாகும். பெங்களூர் அட்ரஸ் இருக்குல்ல, அதையும் மனுவுலயே எழுதிடுங்க, போலீஸ் போகட்டும். ஆனா அவன் ஏற்கனவே வாய்தாவுக்கு வராம பத்திரத்தை பறிமுதல் பண்ணிட்டாங்கன்னா இது உதவாது, அபராதத்தை குறைங்கன்னு தனியா கெஞ்சணும். அதனால திங்கக்கிழமையே வக்கீலை பாத்துடுங்க.