பெயரை ஒளித்துவைத்தால் போதுமா? – வீட்டு வைஃபை: வாசகர் கேள்வி–பதில்

வீட்டு வைஃபைக்குள் அந்நியர் நுழைவதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். “எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்?” என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தயாரிப்பிலும் அது ஒவ்வோர் இடத்தில் இருந்து தொலைக்கிறது.

கே: வீட்டில் நாங்கள் நான்கு பேர். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகள் 11 என்று காட்டுகிறது. மூன்றுக்குப் பெயரே இல்லை. யாரோ புகுந்துவிட்டார்களா?

ப: புகுந்திருக்கலாம். ஆனால் பதறுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தலைக்கொரு கைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, வாசல் கேமரா, கைபேசியிலிருந்தே அணைக்கும் விளக்கு, இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசி என்று எண்ணிக்கொண்டு போனால் 11 ஒன்றும் பெரிய கணக்கில்லை.

பெயரில்லாத மூன்றுக்கும் நேராக, இரண்டிரண்டாகப் பிரித்த 12 குறிகள் இருக்கும். அதுதான் மேக் முகவரி, வலையமைப்பில் அந்தக் கருவியின் அடையாளம். அதில் இடமிருந்து இரண்டாவது குறியை மட்டும் பாருங்கள். 2, 6, ஏ (A), ஈ (E) ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் ஒரு கைபேசி தானாகப் புனைந்துகொண்ட முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்தே கைபேசிகள் தங்கள் உண்மையான முகவரியை வெளியே காட்டாமல், வைஃபைக்கு ஒன்றாகப் புனைந்துகொள்கின்றன. ஆகவே பெயரில்லாத அந்த ஆசாமி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கக்கூடும். போதாக்குறைக்குச் சில ரவுட்டர்கள், எப்போதோ வந்துபோன கருவியையும் பட்டியலிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கும்.

பட்டியலைப் பார்க்கும் கருவியை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் வைஃபையை அணைத்துவிட்டுப் பட்டியலை மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் வேறொன்று மிச்சமிருந்து, இணையத்தையும் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அது உங்களுடையது இல்லை. யாருடையது என்று துப்பறியக் கிளம்பாதீர்கள். அதனால் அக்கம்பக்கத்தில் மனக்கசப்புதான் மிஞ்சும். கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளும் வெளியே தள்ளப்படும். பிறகு உங்களுடையவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நீங்களே உள்ளே சேருங்கள். விளக்கையும் அச்சுப்பொறியையும் மறுபடி சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்குச் சோம்பித்தான் பலர் ஆண்டுக்கணக்கில் பழைய கடவுச்சொல்லையே வைத்திருக்கிறார்கள்.

கே: வைஃபையின் பெயர் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டேன். எங்கள் கருவிகளின் மேக் முகவரிகளை மட்டும் அனுமதித்திருக்கிறேன். இனிக் கடவுச்சொல் எளிமையாக இருந்தால் பரவாயில்லையா?

ப: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இரண்டும் பக்கத்து வீட்டுச் சிறுவனைத் தடுக்கும். விஷயம் தெரிந்தவனைத் தடுக்காது.

பெயரை மறைத்தால் ரவுட்டர் அதை அறிவிப்பதை நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். உங்கள் கைபேசி உள்ளே சேரும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காற்றலையைக் கவனித்துக்கொண்டிருப்பவன் காதில் அது விழும். இன்னொரு கூத்தும் உண்டு. மறைத்த பெயரை ரவுட்டர் சொல்லாது என்பதால், கைபேசி போகிற இடமெல்லாம் “இன்ன பெயருள்ள வைஃபை இங்கே இருக்கிறதா?” என்று தானே கூவிக் கேட்க நேர்கிறது. வீட்டுக்குள் மறைத்த பெயர் ஊரெல்லாம் ஒலிக்கிறது.

மேக் முகவரிக் கதையும் இதேதான். தகவலை மறையாக்கம் செய்தாலும், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றினாலும், முகவரி மட்டும் அதைத் துண்டு துண்டாகச் சுமந்துபோகும் ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் வெளிப்படையாகவே போகிறது. அதைப் படித்துத் தன் கணினிக்கு அதே முகவரியைச் சூட்டிக்கொள்வது சில விநாடி வேலை. கைபேசி தன் புனைமுகவரியை மாற்றிக்கொண்டால் கடைசியில் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான். இந்த இரண்டு ஏற்பாட்டையும் எடுத்துவிட்டு, அந்த நேரத்தை ஒரு நல்ல கடவுச்சொல்லுக்குச் செலவிடுங்கள்.

கே: கடவுச்சொல்லாக எங்கள் கைபேசி எண்ணை வைத்திருக்கிறோம். பத்து இலக்கம் போதாதா? பத்துத் தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளாதா?

ப: இந்தக் கடிதத்தை எழுதிய அம்மையாருக்கு நன்றி. “பூட்டிக்கொள்ளாதா?” என்ற இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள்.

இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 (WPA2) என்ற வைஃபை பாதுகாப்பு முறையில், கருவியும் ரவுட்டரும் சேரும்போது தங்களுக்குள் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. கடவுச்சொல் அதில் போவதில்லை. அது தெரியும் என்பதற்கான சான்று மட்டுமே போகிறது. திருடன் அந்தச் சான்றைப் பதிவு செய்துகொண்டு போய்விடுவான். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் போட்டு அதே சான்று வருகிறதா என்று கணக்கிட்டுப் பார்ப்பான். உங்கள் ரவுட்டருக்கு அந்தத் தவறான முயற்சிகள் எதுவும் தெரியாது. பிறகு எதை எண்ணிப் பூட்டும்?

ஒவ்வொரு ஊகத்தையும் மந்தப்படுத்துவதற்காக, கடவுச்சொல்லை வைஃபையின் பெயரோடு சேர்த்து 4,096 சுற்று அரைத்தே சாவியை எடுக்கும்படி அந்த முறையை வடிவமைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும், நல்ல கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய ஒரே கணினி விநாடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைப் பார்த்துவிடும். எட்டு இலக்க எண் என்றால் மொத்தம் பத்துக் கோடி. நூறு விநாடியில் முடிந்தது. பத்து இலக்கம் என்றால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. பிறந்த தேதி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேண்டாம். நூறு ஆண்டுகளில் இருப்பதே முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் நாள்கள்தான்.

குறிகளைத் திணித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நீளம்தான் முக்கியம். டபிள்யூபிஏ2 கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே திறந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைப் பொறுக்குங்கள்: தவளை, ஏணி, மழைக்கோட்டு, வழக்கறிஞர், உப்பு. அவற்றை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து அடித்துவிடுங்கள். தமிழ் எழுத்துகளைப் பெரும்பாலான ரவுட்டர்கள் கடவுச்சொல்லில் ஏற்பதில்லை. ஐயாயிரம் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து இப்படி ஐந்தை எடுத்தீர்கள் என்று திருடனுக்குத் தெரிந்திருந்தாலும், மேலே சொன்ன கணினி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு லட்சம் ஆண்டு பிடிக்கும். பழமொழியோ பாட்டின் முதல் வரியோ வேண்டாம். அவை எல்லாம் திருடனின் பட்டியலிலும் இருக்கும். இங்கே அச்சான தவளையையும் ஏணியையும் தயவுசெய்து அப்படியே வைத்துவிடாதீர்கள்.

வைஃபையின் பெயரும் அந்த அரைப்பில் சேர்கிறது என்றேன் அல்லவா? தொழிற்சாலையில் இட்ட பொதுப்பெயரையே வைத்திருந்தால், முன்கூட்டியே கணக்கிட்டுவைத்த பட்டியல்கள் திருடனுக்குக் கைகொடுக்கும். ஆகவே பெயரையும் மாற்றுங்கள், ஆனால் வீட்டு எண்ணையோ குடும்பப் பெயரையோ வைக்காதீர்கள். தமிழிலும் பெயர் வைக்கலாம். இடம்தான் குறைவு: 32 பைட்டு. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட்டு போகிறது, புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. பத்துக் குறியோடு தீர்ந்துவிடும்.

ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 2018இல் வந்த அந்த முறையில், பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய் ஊகிக்கும் வித்தை நடக்காது. ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரோடு நேரில் பேசியாக வேண்டும்.

கே: கடவுச்சொல் அடிக்காமல் பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி நல்லதா?

ப: வசதியானது. அணைத்துவிடுங்கள். பொத்தானோடு சேர்த்து எட்டு இலக்கப் பின் (PIN) எண் ஒன்றையும் அதில் வைத்திருக்கிறார்கள். எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மிச்சமுள்ள ஏழையும் ரவுட்டர் மொத்தமாகப் பார்க்காமல், முதல் நான்கு சரியா, அடுத்த மூன்று சரியா என்று தனித்தனியாகப் பதில் சொல்லிவிடுகிறது. 10,000 கூட்டல் 1,000, ஆக மொத்தம் 11,000 முயற்சிக்குள் கதவு திறந்துவிடும். ஸ்டீஃபன் ஃபீபொக் என்பவர் 2011இல் இதை வெளிப்படுத்தினார். பின் வந்த ரவுட்டர்கள் சில தப்பு முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன. உங்களுடையது அப்படிச் செய்யுமா என்று சோதித்துக்கொண்டிருப்பதைவிட அணைப்பது எளிது.

கே: வைஃபை கடவுச்சொல்லை நீளமாக மாற்றிவிட்டேன். இனி நிம்மதியாக இருக்கலாமா?

ப: பாதி நிம்மதி. ரவுட்டருக்குக் கடவுச்சொல் இரண்டு. ஒன்று வைஃபையில் சேர, மற்றொன்று 192.168.0.1 அல்லது 192.168.1.1 போன்ற முகவரியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்துக்குள் போக. நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் முதலாவதை மாற்றியிருப்பார்கள். இரண்டாவது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடியே இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது.

முதலாவது கிடைத்தவன் உங்கள் இணையத்தில் படம் பார்ப்பான். இரண்டாவதும் கிடைத்தவன் டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிட்டுப் போய்விடுவான். இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அது அவன் கைக்குப் போனால், வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடிப்பீர்கள். போய்ச் சேருவது அவன் கட்டிய போலிப் பக்கம். உலாவி “சான்றிதழ் சரியில்லை” என்று எச்சரிக்கும். அதைத் தள்ளிவிட்டு “தொடர்க” என்று அழுத்துகிற பழக்கம்தான் அவன் முதலீடு. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் டிஎன்எஸ் பகுதியையும் ஒரு பார்வை பாருங்கள். நீங்களோ இணைய நிறுவனமோ இடாத எண் இருந்தால் ரவுட்டரை ரீசெட் செய்யுங்கள்.

மாற்றாத தொழிற்சாலைக் கடவுச்சொல் என்ன செய்யும் என்பதை 2016இல் உலகமே பார்த்தது. மிராய் என்ற தீநிரல் செய்தது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. சுமார் 60 தொழிற்சாலைப் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை இணையத்தில் அகப்பட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் போட்டுப் பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. “வெளியிலிருந்து நிர்வகித்தல்” என்ற வசதி உங்கள் ரவுட்டரில் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கே: விருந்தினர் வந்தால் கடவுச்சொல் கேட்கிறார்கள். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது. கியூஆர் படத்தைக் காட்டினால் கடவுச்சொல் தெரியாதுதானே?

ப: தெரியும். அந்தக் கறுப்புவெள்ளைக் கட்டங்களுக்குள் கடவுச்சொல் அப்படியே எழுத்தாக இருக்கிறது. மறுக்க வேண்டாம், விருந்தினர் வலையமைப்பு ஒன்றைத் திறந்து அதைக் கொடுங்கள். அதில் சேர்பவர்களுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் கணினியும் அச்சுப்பொறியும் கண்ணில் படாது. கேமராவையும் விளக்கையும்கூட அங்கேயே குடிவைத்துவிடலாம்.

கே: இரவில் ரவுட்டரை அணைத்துவிட்டால் பாதுகாப்பா?

ப: இரவில் மட்டும். பகலில் வருபவனை என்ன செய்வீர்கள்? தவிர, பல ரவுட்டர்கள் இரவில்தான் தங்கள் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்கின்றன.

கே: பழைய அச்சுப்பொறி ஒன்று டபிள்யூஇபி முறையில் மட்டும் சேருகிறது. அதற்காக ரவுட்டரையும் அந்த முறையிலேயே வைத்திருக்கிறேன், ஐயா.

ப: ஒரு அச்சுப்பொறிக்காக வீட்டையே திறந்துபோட்டிருக்கிறீர்கள். 1997இல் வந்த அந்தப் பாதுகாப்பு முறையின் ஓட்டை 2001இலேயே அம்பலமாகிவிட்டது. இன்று சாதாரண மடிக்கணினியால் சில நிமிடங்களில் உடைக்கலாம். இதில் நீளமான கடவுச்சொல்லும் உதவாது. அச்சுப்பொறியை யூஎஸ்பி கம்பியில் இணைத்துக்கொண்டு, ரவுட்டரை டபிள்யூபிஏ2க்காவது மாற்றுங்கள். ரவுட்டரில் அந்தத் தேர்வே இல்லையென்றால் புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை. வாங்கும்போது, எந்த ஆண்டு வரை புதிய ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் இயங்கும் மென்பொருள்) தருவார்கள் என்று கேளுங்கள். பழையதை யாருக்காவது கொடுப்பதானால், பின்புறத்து ரீசெட் துளையில் ஊசியை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும் வரை அழுத்திப் பிடித்த பிறகு கொடுங்கள். உங்கள் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கின்றன.