தினமும் நடக்கிறேன், எண்ணெயையும் குறைத்துவிட்டேன். அப்படியும் கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா?

உங்களுக்கு 48 வயது, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 4.2 (mmol/L), அப்பாவுக்கு பைபாஸ் நடந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட இது என் கதை. நான் மருத்துவர் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, சிகரெட்டைத் தொட்டதில்லை. 56 வயதில் ஒரு விடியற்காலை நெஞ்சை அடைக்கிறது என்றார். வாயு என்று நினைத்து அம்மா ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் வீணாகிவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய தெம்பு திரும்பவே இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி அடைத்தால் உடனே சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐக் கூப்பிடுங்கள்.

எனக்கு 45 வயதில் பாலிகிளினிக்கில் ரத்தம் எடுத்தபோது எல்டிஎல் 4.6. மருத்துவர் மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவையும் தேங்காய்ப்பால் குழம்பையும் நிறுத்தினேன். கோப்பிக்கடையில் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரை விட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறினேன். தினமும் சாயங்காலம் ஈசூன் குளத்தைச் சுற்றி நடந்தேன். ஐந்து கிலோ குறைந்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. எல்டிஎல் மட்டும் 3.9இல் நின்றுவிட்டது. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, கல்லீரலே தயாரிக்கிறது. அது எவ்வளவு தயாரிக்கும், ரத்தத்திலிருந்து எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. உடனே கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. நான் எத்தனை சுற்று நடந்தாலும் இந்த வேலையை நடை செய்யாது.

சாப்பிட ஆரம்பித்து சில மாதங்களில் 2.2 ஆனது. சரி, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். பெரியம்மா வேறு, "இதெல்லாம் கெமிக்கல், கிட்னி போயிடும்" என்றார். நிறுத்திவிட்டேன். அடுத்த பரிசோதனையில் 4.1. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். கிட்னி பயமும் தேவையில்லாதது. சிறுநீரக நோய் உள்ள பலருக்கே இதய பாதுகாப்புக்காக இந்த மாத்திரையைக் கொடுக்கிறார்கள். முதல் ஸ்டாட்டினை 1970களில் ஜப்பானியரான அகிரா எண்டோ கண்டெடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து என்பதைப் பெரியம்மாவிடம் பிறகு சொன்னேன்.

அதற்காக மாத்திரை போட்டால் எதையும் சாப்பிடலாம் என்று நினைப்பதும் தவறு. ஸ்டாட்டின் புகைப்பழக்கத்தை நிறுத்தாது, சர்க்கரையையோ இடுப்புச் சுற்றளவையோ குறைக்காது. 2016இல் 55,000க்கும் அதிகமானோரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், பரம்பரை ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களில்கூட, நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாக இருந்தது. இங்கே சீனர்களைவிட நம் இந்தியர்களிடம் மாரடைப்பு அதிகம். ஆகவே நீங்கள் நடப்பதை விடவே விடாதீர்கள்.

எல்டிஎல் கூடின எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்ப வரலாறு எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். தசை வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். இயற்கை வைத்தியம் என்று சிவப்பு ஈஸ்ட் அரிசியைக் கூடச் சேர்த்துச் சாப்பிடாதீர்கள், அதில் இருப்பதும் ஒரு ஸ்டாட்டின்தான். ஆஸ்பிரினையும் சொந்தமாக ஆரம்பிக்க வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம்.

அப்புறம், அப்பாவுக்கு எந்த வயதில் இதயப் பிரச்சினை வந்தது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முதல் தடவை நான் அதைச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துச் சொன்ன பிறகுதான் அவர் மாத்திரைப் பேச்சையே எடுத்தார்.