கற்றலிட்டிக் கொன்வேட்டரின் கல்லை எடுத்தால் சத்தம் 'பேஸ்' ஆகுமா?

கேள்வி: திருகோணமலையில் ஓடும் ஜப்பான் வாகன்ஆர். கொஞ்ச நாளாகச் சைலன்சர் சத்தம் மாறியிருக்கிறது. கொன்வேட்டருக்குள் இருக்கும் கல்லை உடைத்து எடுத்தால் சத்தமும் 'பேஸ்' ஆகும், பெற்றோலும் மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். கொன்வேட்டர் என்பது எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் பேணி; அதன் கல்லை எடுத்தால் நீங்கள் எதிர்பார்க்கிற பேஸ் வராது, தகரக் கரகரப்புத்தான் வரும்.

உங்கள் காரில் இருப்பது 3 சிலிண்டர், 658 சிசி எஞ்சின். 900 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 900 சுற்று) ஐட்லிங்கில் அதற்குள் பெற்றோல் ஒரு செக்கனுக்கு 22, 23 தடவை வெடித்து எரியும்; 3000 ஆர்பிஎம்மில் 75 தடவை. பேஸ் என்று நாம் கேட்பது இந்தத் தாழ்ந்த அடியைத்தான். கீச்சும் கரகரப்பும் செக்கனுக்குச் சில நூறு அதிர்வுக்கு (ஹேர்ட்ஸ்) மேலே இருப்பவை. கொன்வேட்டருக்குள் இருக்கும் தேன்கூட்டுக் கல்லில் சதுர அங்குலத்துக்குச் சாதாரணமாக 400 ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர். அவ்வளவு ஒடுங்கிய ஓட்டைச் சுவரில் உரசிப் போகும்போது உயர்ந்த சத்தம் தேய்ந்துவிடும், தாழ்ந்தது பெரிதாகக் குறையாமல் போய்விடும். தாழ்ந்ததை அடக்குவது பின் சைலன்சரின் வேலை. ஆகவே கல்லை எடுத்தால், இதுவரை அமுங்கிக் கிடந்த கரகரப்புக்குத்தான் வழி திறக்கும். நடுவில் வெறும் கூடு நிற்பதால் குடத்துக்குள் வாயை வைத்துக் கதைப்பது போன்ற முழக்கமும் சேரும். ஹபரணை வரை ஒரே வேகத்தில் ஓடிப் பார்த்தால் தெரியும், காதைக் குடைந்துவிடும்.

பெற்றோல் மிச்சம் என்பதும் சும்மா கதை. அடைபடாத கொன்வேட்டர் வாயுவைத் தடுப்பது மிகக் கொஞ்சம். கல்லை எடுத்துவிட்டால், கொன்வேட்டருக்குப் பின்னால் இருந்து புகையின் ஒக்சிசனை அளக்கும் சென்சர் அதைக் கண்டுபிடித்து எஞ்சின் லைட்டைப் போடும், ஸ்கானரில் பி0420 (கொன்வேட்டர் சரியாக வேலை செய்யவில்லை) என்று வரும். புகைப் பரிசோதனையிலும் காபன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகாபனையும் ஐட்லிங்கில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை பார்ப்பார்கள். அதில் விழுந்தால் அந்த வருட வாகன லைசென்ஸ் எடுப்பது சிக்கல்.

இனி, சத்தம் ஏன் மாறியது என்பதைப் பார்ப்போம். எப்படி மாறியது என்று நீங்கள் எழுதவில்லை. அதிலேதான் பாதி விடை இருக்கிறது. (காலையில் ஸ்டார்ட் பண்ணி முதல் ஒரு நிமிடம் மட்டும் சத்தம் கூட என்றால் அது கோளாறே இல்லை. கொன்வேட்டர் வேலை செய்ய ஏறக்குறைய 250, 300 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். அதற்காக எஞ்சினே ஆர்பிஎம்மைக் கூட்டி, ஸ்பார்க்கைப் பிந்தவைத்து ஓடும்.)

கிலுகிலு என்றால் இரண்டில் ஒன்று. காரை நிறுத்தி ஒரு மணித்தியாலமாவது ஆறவிட்டு, கொன்வேட்டரை ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பேணிக்குள் கூழாங்கல் போட்டு ஆட்டியது போலக் கேட்டால் கல் உடைந்துவிட்டது. உடைந்த துண்டு பின்னால் போய்ச் சைலன்சரையும் அடைக்கும், அதனால் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே சத்தமில்லாமல், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் மெல்லிய தகரம் அதிர்ந்தால் அது வெப்பத் தகடு, அதாவது சூடு வெளியே அடிக்காமல் கொன்வேட்டரை மூடியிருக்கும் தகடு. எஞ்சின் ஓடும்போது நீளமான மரத்தடியால் அழுத்திப் பாருங்கள், நின்றுவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் வாகனங்களில் இதுதான் அதிகம்: கொன்வேட்டர் கூடு துருப்பிடிக்காத உருக்கு, தகட்டின் போல்ட்டோ சாதாரண இரும்பு, கடற்காற்று அதைத் தின்றுவிடும். பெரிய ஜூபிலி கிளிப் (திருகி இறுக்கும் தகர வளையம்) ஒன்றைச் சுற்றி இறுக்கினால் போதும். கிளிப்பும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் குறைந்தால் குழாய் மூட்டுக் கஸ்கட்டில் ஒழுக்கு. ஆறிய மூட்டில் சவர்க்காரத் தண்ணீரைப் பூசி ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒருவர் ஈரத்துணியால் வால்குழாயைச் சில செக்கன் பொத்திப் பிடித்தால், ஒழுகும் இடத்தில் நுரை எழும்பும். கொன்வேட்டருக்கு முன்னால் இன்னொரு ஒக்சிசன் சென்சர் இருக்கிறது; அந்த முன் சென்சருக்கும் முன்னால் ஒழுகினால் அது சத்தப் பிரச்சினையோடு நிற்காது. வெளிக்காற்று உள்ளே போகும், பெற்றோல் குறைவு என்று சென்சர் தப்பாகச் சொல்லும், எஞ்சின் பெற்றோலைக் கூட்டும், அந்தக் கூடுதல் பெற்றோல் கொன்வேட்டரைக் கெடுக்கும். கழற்ற முதல்நாள் இரவே போல்ட்டுகளில் துரு இளக்கி எண்ணெய் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் இங்கே பாதி போல்ட் தலையோடு முறியும்.

சத்தம் கூடாமல் தலையணைக்குள் அமுங்கியது போலாகி, உவர்மலை ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை என்றால் அடைப்பு. முன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்த மானியைப் பூட்டச் சொல்லுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேலே ஏறினால் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் உடனே புதியதை வாங்கிப் பூட்டாதீர்கள். கல் சும்மா உருகாது. ஒரு பிளக்கோ கொயிலோ பிடிக்காமல் விட்டால் எரியாத பெற்றோல் உள்ளே போய் அங்கே எரியும், சூடு 1000 பாகையைத் தாண்டும். எஞ்சின் ஒயில் குடித்தாலும் கல்லின் மேல் படிந்து அடைக்கும். அதைத் திருத்தாமல் பூட்டினால் புதியதும் அதே வழியில் போகும். மாரியில் வெள்ளம் நிற்கும் தெருவில் சூடான கொன்வேட்டரைத் தண்ணீரில் இறக்கினால், திடீர்க் குளிர்ச்சியில் கல் விரிசல்விடவும் கூடும்.

உண்மையிலேயே பேஸ்தான் வேண்டுமென்றால் கொன்வேட்டரைத் தொடாமல் பின் சைலன்சரை மட்டும், உள்ளளவு பெரிய ஒன்றாக மாற்றுங்கள். முழக்கம் வந்தால் நடுக்குழாயில் ஒரு ரெசொனேட்டர் (முழக்கத்தை அடக்கும் சின்னப் பேணி) போடுங்கள். பழைய சைலன்சரையே வைத்திருப்பதானால் அதன் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைப் பாருங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காரில் அது ஆவியாகாமல் சைலன்சருக்குள் தேங்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டை. ஒழுக்கு என்று நினைத்து அதை வெல்டிங் பண்ணி மூடிவிடுகிறார்கள். சைலன்சர் உள்ளிருந்தே உளுத்துப்போகிறது. மூடியிருந்தால் 3 மில்லிமீற்றர் துரப்பணத்தால் திறந்துவிடச் சொல்லுங்கள்.