சரி அக்கா

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு நுரையீரலில் தொடங்கிய புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. குணப்படுத்த முடியாது, சில காலம் கட்டுப்படுத்தலாம் என்கிறார் மருத்துவர். இந்நிலையில் இருப்பவர்களுக்குச் சராசரியாக ஒன்றரை ஆண்டு என்றும் சொன்னார். இப்போது வலியையும் அவதியையும் குறைக்கும் பாலியேட்டிவ் கேர் பிரிவையும் பார்க்கச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்? அக்காவின் முன்னால் சிரிக்கிறேன், தனியாக அழுகிறேன். மறுபடி வேலைக்குப் போகப்போகிறேன் என்றாள். எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் "சரி அக்கா" என்றேன். அவள் இருக்கும்போதே அவள் இல்லாத நாட்களை நினைத்துப் பார்த்துவிடுகிறேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்கிறார்களே, துக்கத்தின் அந்த ஐந்து நிலைகளில் நான் எதில் இருக்கிறேன் என்றும் தெரியவில்லை. மனதை எப்படித் தயார்படுத்திக்கொள்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து நிலைகளை விட்டுத்தள்ளுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது, இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்து. உடன்பிறந்தவர்கள் வரிசையாகக் கடந்து தேற வேண்டிய வகுப்புகளாக அவற்றைப் பிற்பாடு ஆக்கியவர்கள் நாம்தான்.

கைவிட்டுவிட்டார்களா என்ற கேள்வி எனக்குக் கோபமூட்டுகிறது, ஏனென்றால் இந்த ஒரு தவறான எண்ணத்தால் எத்தனையோ பேர் வலியோடு மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்களுடைய ஆயுளின் இடைநிலை அளவும், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலமும், மற்றவர்களின் 8.9 மாதங்களுக்குப் பதில் 11.6 மாதங்களாக இருந்தது. எலும்பு வலிக்குக் கதிர்வீச்சு உண்டு, மார்ஃபின் உண்டு. முதல் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போங்கள்.

அடுத்து, அந்த ஒன்றரை ஆண்டுக் கணக்கு. மருத்துவர்கள் சராசரி என்று சொல்வது பெரும்பாலும் இடைநிலை அளவையே. பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள். எட்டு மாதம் இடைநிலையாகச் சொல்லப்பட்ட ஒரு புற்றுநோய் 1982இல் கண்டறியப்பட்ட அறிவியலாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட், 2002வரை வாழ்ந்து வேறொரு புற்றுநோயால் இறந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. ஆனால் அந்த எண்ணை உங்கள் அக்காவின் நெற்றியில் எழுதி ஒட்டும் உரிமை யாருக்கும் இல்லை.

இனி, நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கே காரணமான அந்த "சரி அக்கா" பற்றி. நோயாளிகளிடம் நாம் காட்டும் இந்தத் திடீர் மரியாதையைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அண்ணனுக்கும் குணமாகாத புற்றுநோய்தான். சிறுவயதில் வீட்டு வானொலியை அலமாரியிலிருந்து தள்ளிவிட்டது நானா அவனா என்ற வழக்கு எங்களுக்குள் முடியாமலே இருந்தது. கீமோ ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள் அதை மறுபடி எடுத்தான், நான் வழக்கம்போல் மறுத்தேன், குரல் உயர்ந்தது. "இந்த நேரத்தில் அவனோடு போய்ச் சண்டையா?" என்று அப்பா என்னை அதட்டினார். அண்ணன் அப்பாவிடம், "அவனை விடுங்கள், மற்றவர்கள் எல்லோரும் நான் எது சொன்னாலும் தலையாட்டுகிறீர்கள்" என்றான். கடைசிவரை அவன் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான். தள்ளியது அவன்தான் என்று இன்றும் சொல்வேன்.

பெற்றோரிடம் நமக்குப் பணிவு இருக்கும், பிள்ளைகளிடம் பொறுப்பு இருக்கும். முகத்துக்கு நேரே "நீ சொல்வது அபத்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார முடிவது உடன்பிறந்தவர்களிடம்தான். அதை நோயின் பெயரால் உங்கள் அக்காவிடமிருந்து பிடுங்கிவிட்டீர்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்கு என்ன தெரியும் என்று நினைக்கிறீர்கள்? தன் தங்கை தன்னை வழியனுப்பத் தொடங்கிவிட்டாள் என்று தெரியும். மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இல் ஒரு போர்வீரரைப் பற்றி எழுதினார். அவர் உயிரோடு வீடு திரும்பியபோது மனைவிக்கு அவர்மேல் அன்பு மிஞ்சியிருக்கவில்லை. கணவர் இறந்துவிடுவார் என்று அஞ்சி அஞ்சி அந்த மனைவி முன்கூட்டியே துக்கப்பட்டு, அதை முடித்தும்விட்டிருந்தார். அக்கா இல்லாத நாட்கள் உங்கள் நினைவில் வருவது பாவமல்ல, அது தானாக வரும், வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த நாட்களுக்கான நடத்தையை இன்றே அவரிடம் காட்டாதீர்கள். அழுகையையும் முழுக்க ஒளிக்க வேண்டாம். தங்கை அழுவதைப் பார்த்திராத அக்கா இருக்க முடியாது.

மனதைத் தயார்படுத்துவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவர் வேலைக்குத் திரும்புவது உங்களுக்குத் தவறாகத் தோன்றினால், அதை நேராக அவரிடமே சொல்லுங்கள். கோபப்படுவார், தனக்குரிய காரணங்களைச் சொல்வார், அவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்கு இதுவரை தோன்றாதவையாகவும் இருக்கலாம். பேசித் தீர்த்த பிறகு முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள்.