துடுப்பை நிறுத்தினால் மீன்கொத்தி வரும்

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் என் 12 வயது மகளைக் கயாக்கில் அழைத்துப் போக ஆசை. பறவை பார்க்க வேண்டும், கொஞ்சம் நடக்கவும் வேண்டும். இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. சென்னைப் பக்கத்திலேயே ஒரே நாளில் முடியுமா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: தாராளமாக முடியும். முட்டுக்காட்டுக் காயலுக்குப் போங்கள். ஆனால் மார்கழியில் இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: பொழுது விடியும்போது தண்ணீரில் இருக்க வேண்டும். அந்த மாதத்தில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழும். அப்போது காயல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் காற்று எழுந்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் பொங்கல் விடுமுறையில் நானும் என் அக்காவும் பத்து மணிக்குத்தான் இறங்கினோம். காற்று முதுகில் இருந்தது, கயாக் தானாகவே ஓடியது. திரும்பியபோது அதே வாடைக்காற்று முகத்தில். அரை மணி நேரம் துடுப்புப் போட்டும் எதிரே இருந்த பனைமரம் கிட்டவே வரவில்லை. அக்காவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. வலை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மீனவர்தான் கயிறு வீசி இழுத்து வந்தார். "காத்து ஏறினப்புறம் இறங்கலாமாம்மா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து போகும்போது காற்றை எதிர்த்துத்தான் போகிறேன். களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்துக்குக் கிழக்கே போக வேண்டாம். அந்தப் பக்கம்தான் முகத்துவாரம். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபடும். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதை உடைத்துத் திறந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் ஓதம் இறங்கி நீர் கடலுக்குத் திரும்பும் நேரத்தில் கடல் பக்கம் நல்ல இழுப்பு இருக்கும். மேற்கே, பக்கிங்காம் கால்வாய் சேரும் பக்கமே உங்களுக்குப் போதும்.

நீச்சல் தெரியாதது தடையில்லை, லைஃப் ஜாக்கெட் சரியாக இருந்தால். மகளுக்கு மாட்டி, பட்டையெல்லாம் இறுக்கிய பிறகு தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய அளவு. வேறு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். இருவர் உட்காரும் கயாக்காக, கூடவே வழிகாட்டி ஒருவர் வருவதாக இருந்தால்தான் இறங்குங்கள். தப்பித் தவறிக் கவிழ்ந்தால் எழுந்து நிற்கப் பார்க்க வேண்டாம். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் அடியில் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், சிப்பி ஓடு கிழிக்கும். கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதந்தாலே போதும். பழைய கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போங்கள். புறப்படும் முன் வானிலை அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள். 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம், இரண்டுமே நமக்கு டிசம்பரில் வந்த புயல்கள்.

சரி, தண்ணீரில் இறங்கியாயிற்று. முதல் கால் மணி நேரம் மகள் துடுப்பை வேகமாகப் போடுவாள், போடட்டும். அப்புறம் நிறுத்தச் சொல்லுங்கள். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். இந்த நாளில் நீங்கள் செய்யப்போவதிலேயே முக்கியமான காரியம் இதுதான். நுனியில் சொட்டும் தண்ணீர் நிற்கும். மடவை மீன் ஒன்று துள்ளி விழும். பிறகு கருப்பு வெள்ளை மீன்கொத்தி வரும். மற்ற மீன்கொத்திகள் பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்து பாயும். இது அந்தரத்திலேயே நின்று வேட்டையாடும். அலகு நேராகக் கீழே, உடம்பு அசையாது, சிறகு மட்டும் படபடக்கும். திடீரென்று கல் விழுவது போல விழும். மீன் கிடைக்காவிட்டால் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு மறுபடி மேலே. நான் ஒருமுறை எண்ணினேன், ஐந்தாவது பாய்ச்சலில்தான் அதற்கு மீன் அகப்பட்டது.

கரையோரம் அலையாத்திச் செடி கண்ணில் பட்டால் ஒரு இலையை விரலால் தடவி நாக்கில் வையுங்கள். உப்புக் கரிக்கும். வேர் எடுத்த உப்பை அது இலை வழியாக வெளியே தள்ளுகிறது. இதை உங்கள் மகள் மறக்க மாட்டாள்.

ஒன்பது மணிக்குள் கரையேறி இட்லி சாப்பிட்டுவிட்டு, கோவளம் - கேளம்பாக்கம் சாலைக்குப் போங்கள். காயலை ஒட்டி ஓரமாக நடக்கலாம். வண்டிகள் வேகமாக வரும், மகளை உள்பக்கமாக நடக்கவிடுங்கள். டிசம்பரில் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தால் நெடுங்கால் உள்ளானும் கொக்கும்தான் அதிகம் தெரியும். ஜனவரியில் தண்ணீர் வற்றிச் சேறு வெளியே வர வர, கொசு உள்ளான் கூட்டம் வரும். ஆர்க்டிக் பக்கத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் பறவை அது. எடை சுமார் 25 கிராம்தான். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை மகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள், ஏறக்குறைய அந்தக் கனம்தான். அதை வைத்துக்கொண்டு அத்தனை தூரம் பறந்து வருகிறது!

கேள்வி: பழவேற்காட்டில் படகுக்காரர் பூநாரைக் கூட்டத்துக்கு அருகில் போய், கைதட்டிப் பறக்கவிட்டுக் காட்டினார். அருமையான படம் கிடைத்தது. என் மனைவியோ அது தப்பு என்கிறார். யார் பக்கம் நியாயம்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: உங்கள் மனைவி பக்கம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் தண்ணீரை அரித்து அரித்துப் பொடிப்பொடியான இரையைச் சேர்க்கிறது. அப்படி மணிக்கணக்கில் சேர்த்த தெம்பை, தண்ணீர்மேல் ஓடி எழும்பும் அந்த ஒரு நிமிடத்தில் செலவழிக்க வைக்கிறோம். நாளுக்குப் பத்துப் படகு வந்தால் அது எப்போது மேயும்? அடுத்த முறை கூட்டத்தைக் கவனியுங்கள். கவிழ்ந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, எல்லாம் ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கனவே கிட்டே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். படகுக்காரரிடம் முன்கூட்டியே, "பறக்கவிட வேண்டாம் அண்ணா, மேயறதைப் பார்த்தா போதும்" என்று சொல்லிவிட்டால் அவரும் மகிழ்ச்சியாக மோட்டாரை அணைத்துவிடுவார். பயணிகள் கேட்பதால்தான் பலர் விரட்டுகிறார்கள்.

கேள்வி: இரவில் கடற்கரையில் ஆமை முட்டை தேடிப் போகும் ஆமை நடைக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?
- வாசகி, அடையாறு

பதில்: போகலாம், ஆனால் நடு இரவில் மணலில் பல கிலோமீட்டர் நடக்கிற குழந்தையாக இருக்க வேண்டும். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் இதைச் செய்து வருகிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடப்பார்கள். பங்குனி ஆமையின் முட்டைகளைக் கவனமாக எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு வரும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசைக்கே ஓடும், நம் கடற்கரையிலோ கடலைவிட ஊர்தான் பளிச்சென்று இருக்கிறது. அதனால் டார்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கண் பழகியதும் ஆமையின் தடம் மணலில் தானாகத் தெரியும்.