மெனசிங்லி என்றால் வெறும் மிரட்டல்தானா?

கேள்வி: ‘மெனசிங்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘அச்சுறுத்தும் வகையில்’ என்று போட்டிருக்கிறது. ‘த்ரெட்டனிங்லி’க்கும் அதேதான். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? – பிளஸ் டூ மாணவி, தென்காசி

பதில்: பல இடங்களில் ஒன்றுதான். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் இரண்டும் சாயும் பக்கம் வேறு. த்ரெட் என்றால் அதற்குள் பெரும்பாலும் ஓர் ‘ஆல்’ ஒளிந்திருக்கும்: ‘பணம் வராவிட்டால் பார்’, ‘போலீசுக்குப் போனால் நடக்கிறதே வேறு’. மெனஸுக்கு அந்த ‘ஆல்’ தேவையில்லை, பேச்சே தேவையில்லை. வழியை மறித்துக்கொண்டு நிற்கலாம், சட்டைக் கையை மடித்து விட்டுக்கொள்ளலாம், மேசை மேல் சாய்ந்து எதிராளியின் முகத்துக்கு நேரே குனியலாம். ‘இவன் ஏதோ செய்யப்போகிறான்’ என்று பார்க்கிறவருக்குத் தோன்றினால் போதும், அது மெனசிங்லி.

சொல்லின் பிறப்பும் இதற்குப் பொருந்தியே வருகிறது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த லத்தீன் சொல் இது. லத்தீனில் ‘மினே’ என்றால் மிரட்டல்கள். மதிலின் மேல் துருத்தி நிற்கும் முனைகளுக்கும் அதே சொல் உண்டு. ‘ப்ராமினன்ட்’ (முன்னே துருத்தி நிற்பது), ‘இமினன்ட்’ (தலைக்கு மேல் வந்து நிற்பது) இரண்டும் அந்த வேரிலிருந்து கிளைத்தவைதான். ஆகவே ஒருவர் மேலே கவிந்து நிற்பது, நெருங்கி வருவது, கையை ஓங்குவது போன்ற வினைகளோடு மெனசிங்லி இயல்பாக ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு கிளை வேடிக்கையானது. பிற்கால லத்தீனில் இதே குடும்பத்துச் சொல் ஒன்று மாட்டை அதட்டி ஓட்டுவதைக் குறித்தது. அது பிரெஞ்சில் ‘அழைத்துச் செல்’ என்று சாதுவாகி, கடற்கரையில் காலாற நடக்கும் ‘ப்ராமனாட்’ வரை வந்துவிட்டது. மிரட்டலும் மாலை நடையும் பங்காளிகள்!

கேள்வி: ‘ஆமினஸ்லி’, ‘சினிஸ்டர்’, ‘இன்டிமிடேட்டிங்லி’ ஆகியவற்றையும் இதே பொருளில் பார்க்கிறேன். எப்படிப் பிரித்துக்கொள்வது? – வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், நாமக்கல்

பதில்: ‘யாருக்கு எண்ணம் இருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள், பாதி பிரிந்துவிடும்.

மெனசிங்லியில் எதிரே நிற்பவருக்கு (அல்லது நாய்க்கு) பயமுறுத்தும் எண்ணம் இருப்பதாகத் தெரிகிறது. ஆமினஸ்லி, ‘ஓமன்’ என்ற சகுனச் சொல்லிலிருந்து வந்தது. அதில் யாருடைய எண்ணமும் வேண்டியதில்லை, கெட்டது வரப்போகிறது என்ற அறிகுறி மட்டுமே. ஓடிக்கொண்டிருந்த பஸ் இன்ஜின் காட்டுப் பாதையில் திடீரென்று அடங்கிப்போனால் அது ஆமினஸ்லி. அங்கே மெனசிங்லி போட்டால் இன்ஜினுக்கு உங்கள் மேல் பகை என்று ஆகிவிடும். கறுத்துத் திரளும் மேகத்துக்கு இரண்டையும் எழுதுகிறார்கள். மெனசிங்லி போட்டால் மேகத்தை ஆளாக்கிவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சினிஸ்டர் மறைவானது. வெளியே மரியாதை, உள்ளே வஞ்சகம். மெனஸ் தன்னைக் காட்டிக்கொள்ளும், சினிஸ்டர் காட்டிக்கொள்ளாது. லத்தீனில் அதற்கு ‘இடப்பக்கம்’ என்று பொருள். இடது கைக்காரர்கள் மன்னிக்க. ‘சினிஸ்டர்லி’ என்ற வடிவம் உண்டு என்றாலும் எழுதுபவர்கள் குறைவு. பெயரடையாகவே பயன்படுத்துங்கள்.

இன்டிமிடேட்டிங்லி எண்ணத்தைச் சொல்வதில்லை, எதிராளியிடம் ஏற்படும் விளைவைச் சொல்கிறது. ஒரு பேராசிரியர் பரம சாதுவாக இருப்பார், ஆனாலும் அவருடைய படிப்பைக் கண்டு மாணவர்கள் வாயடைத்து நிற்பார்கள். அவர் ‘இன்டிமிடேட்டிங்லி’ அறிவாளி. மெனசிங்லி அறிவாளி என்றால் சிரிப்பார்கள்.

கேள்வி: ‘ஹி லுக்ட் மெனசிங்’ என்பது சரியா, ‘ஹி லுக்ட் மெனசிங்லி’ என்பது சரியா? – ஆசிரியை, விருதுநகர்

பதில்: இரண்டும் சரி, பொருள்தான் வேறு. முதலாவதில் ‘லுக்’ என்றால் தோன்றுதல்: ஆளைப் பார்த்தாலே பயமாக இருந்தது. இரண்டாவதில் ‘லுக்’ என்றால் பார்த்தல்: அவன் பார்த்த பார்வை அப்படி. சோதிக்க எளிய வழி, ‘லுக்ட்’ இருக்கும் இடத்தில் ‘சீம்ட்’ போட்டுப் பார்ப்பது. பொருந்தினால் ‘லி’ கூடாது. பின்னால் ‘அட் மீ’ வந்தால் ‘லி’ வேண்டும். ‘சவுண்டட்’ என்ற வினைக்கும் இதே கதைதான்: அவன் குரல் ‘சவுண்டட் மெனசிங்’, லி கிடையாது.

தேர்வுத் தாள்களில் மாணவர்கள் சறுக்கும் இன்னோர் இடம், சொல்லை எங்கே வைப்பது என்பது. தமிழில் ‘மிரட்டலாகக் கம்பை ஓங்கினான்’, ‘கம்பை மிரட்டலாக ஓங்கினான்’ இரண்டும் செல்லும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ‘ரெய்ஸ்ட் மெனசிங்லி த ஸ்டிக்’ என்று எழுதிவிடுகிறார்கள். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே இதை நுழைக்கக் கூடாது. ‘ரெய்ஸ்ட் த ஸ்டிக் மெனசிங்லி’ என்று கடைசியில் வையுங்கள், அல்லது வினைக்கு முன்னால் ‘மெனசிங்லி ரெய்ஸ்ட்’. பெயரடைக்கு முன்னாலும் வரும்: ‘மெனசிங்லி க்வயட்’, அதாவது அடிவயிற்றைப் பிசையும் அமைதி.

‘த்ரெட்டன்ட் மெனசிங்லி’ என்று எழுதுவது ‘மிரட்டலாக மிரட்டினான்’ என்பது போல. வினையிலேயே மிரட்டல் இருந்தால் அடைமொழி வீண். வினை ஒரு பக்கம் இழுக்க, அடைமொழி எதிர்ப்பக்கம் இழுக்கும்போதுதான் இந்தச் சொல்லுக்கு வேலை. சிரித்தான், தலையாட்டினான், மெல்லச் சொன்னான் போன்ற சாதுவான வினைகளோடு சேர்த்துப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: நாவல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘ஹி ஸ்மைல்ட் மெனசிங்லி’ என்று ஒரு வரி. ‘மிரட்டலாகச் சிரித்தான்’ என்று போட்டேன். ஏதோ உதைக்கிறது. – மொழிபெயர்ப்பாளர், மதுரை

பதில்: உதைக்கத்தான் செய்யும். சினிமா விமர்சனங்கள் ‘மிரட்டல்’ என்ற சொல்லையே வேறு பக்கம் திருப்பிவிட்டன. ‘மிரட்டலான நடிப்பு’, ‘பின்னணி இசையில் மிரட்டியிருக்கிறார்’ என்றால் இன்று பிரமாதம் என்று பொருள். வாசகர் ஒரு நொடி அந்தப் பக்கம் போய்த்தான் திரும்புவார். ‘அச்சுறுத்தலாக’ என்பதிலும் சிக்கல் உண்டு. ‘யானைகளுக்கு ரயில் பாதைகள் அச்சுறுத்தலாக உள்ளன’ என்று செய்தியில் வரும்போது அது ‘ஆபத்தாக’ என்ற பொருளில் நிற்கிறது, எப்படிச் செய்தான் என்பதைச் சொல்வதில்லை. ‘அச்சுறுத்தும் வகையில் சிரித்தான்’ என்றாலோ அரசாணை வாசனை.

ஆங்கிலம் ஒரு ‘லி’யில் முடித்துவிடுவதைத் தமிழ் வினையெச்சத்தில் உடம்பாகக் காட்டும். கண்ணை உருட்டி, பல்லை நறநறவென்று கடித்து, விரலை ஆட்டி, கையை ஓங்கிக்கொண்டு என்று நம்மிடம் மிரட்டலுக்கு அங்கம் அங்கமாகச் சொல் இருக்கிறது. சில வினைகளுக்கு அதுகூட வேண்டாம். நாய் ‘க்ரவுல்ட் மெனசிங்லி’ என்றால் ‘உறுமியது’ போதும். ‘க்ளேர்ட் மெனசிங்லி’ என்றால் ‘முறைத்தான்’. ‘நெருங்கி வந்தான்’ என்ற வினையோடு வந்தால் ‘அடிக்கப்போகிறவன் போல நெருங்கி வந்தான்’ எனலாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான் என்று எழுதக் கை துறுதுறுக்கும், ஆனால் உங்கள் கதை லண்டனில் நடந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மூலத்தில் இல்லாத சைகையைச் சேர்ப்பதும் கூடாது. அவன் எப்படிச் சொன்னான் என்பதற்குச் சூழலில் தடயமே இல்லையென்றால், ‘மிரட்டும் தொனியில் சொன்னான்’ என்பதோடு நிறுத்துவதே நேர்மை.

உங்கள் சிரிப்புக்கு வருவோம். சிரிப்பை உடம்பாகக் காட்டுவது கடினம், ஏனென்றால் அந்த முகத்தில் மிரட்டும் அங்கம் எதுவும் இல்லை. அப்போது பார்வையைச் சிரித்தவனிடமிருந்து பார்த்தவளுக்கு மாற்றுங்கள்: ‘அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அவளுக்கு வயிறு கலங்கியது.’ ‘விஷமமாக’ என்று போடாதீர்கள், அது குறும்புக்காரச் சிரிப்பு. ‘குரூரமாக’ என்பதும் பொருந்தாது. குரூரம் பிறர் துன்பத்தில் ருசி காண்பது, மெனஸ் துன்பம் வரப்போவதைக் காட்டுவது. கதை இலங்கைத் தமிழில் பேசினால் உங்களுக்கு யோகம்தான். அங்கே ‘வெருட்டுதல்’ இன்னும் பேச்சில் உயிரோடு இருக்கிறது, சினிமாக்காரர்கள் கையும் அதன் மேல் படவில்லை.

கேள்வி: போலீஸ் புகாரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘மெனசிங்லி’ என்று எழுதலாமா? சட்டத்தில் இந்தச் சொல் இருக்கிறதா? – சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: குற்றமுறு மிரட்டலுக்கு இந்தியச் சட்டம் கையாளும் வினை ‘த்ரெட்டன்ஸ்’. பழைய தண்டனைச் சட்டத்தின் 503, 506 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351 ஆகிவிட்டன. அதில் கொலை மிரட்டல் போன்றவை 351(3)-இல் வரும், ஏழாண்டு வரை சிறை. இங்கிலாந்தில்தான் மெனஸ் சட்டச்சொல்லாக நிற்கிறது: 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ‘வித் மெனசஸ்’ நியாயமற்ற கோரிக்கை வைப்பதை பிளாக்மெயில் என்கிறது. அங்கே அது பன்மைப் பெயர்ச்சொல், வினையடை அல்ல.

‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்’ என்ற குறளை (552) நினைத்துக்கொள்ளுங்கள். ‘இடு’ என்பது பிச்சைக்காரரும் சொல்லும் சொல்தான், அதை மிரட்டலாக்குவது வேல். புகாரிலும் வேலைத்தான் எழுத வேண்டும். ‘மெனசிங்லி’ உங்கள் முடிவு, நடந்தது அல்ல. எவ்வளவு தூரத்தில் நின்றார், கையில் என்ன இருந்தது, என்ன வார்த்தை சொன்னார், அப்போது யார் பார்த்தார்கள், மணி என்ன? இவற்றை எழுதுங்கள். வார்த்தையை அவர் பேசிய தமிழிலேயே மேற்கோளாகக் கொடுங்கள், ஆங்கிலத்தில் மாற்றினால் சூடு ஆறிவிடும்.

கேள்வி: உச்சரிப்பு? – பலர்

பதில்: மெ-ன-சிங்-லி. அழுத்தம் ‘மெ’யில். ‘ஃபேஸ்’ போல எழுத்து முடிவதால் ‘மெனேஸ்’ என்று நீட்டுகிறார்கள், தவறு. ‘பேலஸ்’ என்பதன் கடைசி அசை போல ‘மெனஸ்’ என்று குறுக்குங்கள். ‘மேனேஜிங்’ ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளவும், மேலாளர் கோபித்துக்கொள்வார்.

கேள்வி: ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘மஸ்கிட்டோ மெனஸ்’ என்று வருகிறதே, கொசு மிரட்டுமா? – வாசகர், சென்னை

பதில்: பெயர்ச்சொல்லாக வரும்போது மெனஸுக்குத் தொல்லை, ஆபத்து என்ற பொருளும் உண்டு. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகளுக்குத் தெருநாய், கொசு, குரங்கு எல்லாமே மெனஸ்தான். தமிழில் ‘கொசுத் தொல்லை’ என்று இருக்கிறதே, அதையே எழுதுங்கள். வினையடைக்கு அந்தச் சலுகை கிடையாது. கொசு ‘மெனசிங்லி’ பறந்தது என்று எழுதினால் அது நகைச்சுவைத் துணுக்கு.